வண்டி கைமாறினால் பெயரும் மாற வேண்டும்

மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி எருது கைமாறும் விதத்தை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை படிந்ததும் பணம் எண்ணிக் கொடுக்கப்படும், கயிறு கைமாறும். அந்த நேரம் முதல் மாடு வாங்கியவருடையது. மறுநாள் அது யாருடைய பயிரை மேய்ந்தாலும், யாரை முட்டினாலும், விற்றவரைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள்.

மோட்டார் வண்டி அத்தகைய பொருள் அன்று. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டால் வியாபாரம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். சர்க்காரின் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ, அவரையே சட்டம் அந்த வண்டியின் சொந்தக்காரராகக் கொள்கிறது. வண்டி கைவிட்டுப் போன பிறகும் பெயர் அப்படியே இருந்தால், அந்த வண்டி செய்யும் தீங்குக்கெல்லாம் பெயர் உடையவரே பொறுப்பாளி ஆக நேரிடும். இந்த ஒரு விஷயத்தை அறியாததால், விற்றுப் பல ஆண்டுகள் ஆன வண்டிக்காக நீதிமன்றத்தில் நின்றவர்கள் உண்டு.

கிராமங்களில் இன்று கார், வேன், டிராக்டர் ஆகியவை அருமையான பொருள்களாக இல்லை. புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டியை வாங்குகிறார்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கார் வேண்டுமென்றால் பலருடைய நோக்கும் சென்னையை நாடுகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் சில ஆண்டுகளே ஓடிய காரை விற்றுவிட்டு வேறு வாங்கும் குடும்பங்கள் பல உண்டு. அங்கே விற்பவர் ஒருவர். கிராமத்திலிருந்து சென்று வாங்குபவர் மற்றொருவர். இருவருமே அறிந்திருக்க வேண்டிய முறைகளை இங்கு விளக்குவோம்.

சென்னையில் மோட்டார் புகுந்த காலம்

சென்னைத் தெருக்களில் முதன்முதலில் ஓடிய மோட்டார் கார், பாரி கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான யார்க் என்பவருடையது. 1901ஆம் ஆண்டில் அவர் அடையாற்றிலிருந்த தம் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலையிலிருந்த அலுவலகத்துக்கு அதில் தினந்தோறும் போய் வந்தார் என்று நகர வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அக்காலத்தில் நகரில் இருந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்த வண்டி எவருடையது என்பது தெருவில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும்.

வண்டிகள் பெருகவே, அவற்றைப் பதிவு செய்து எண் கொடுக்கும் முறை அவசியமாயிற்று. 1914ஆம் ஆண்டிலும் 1939ஆம் ஆண்டிலும் நாடு முழுவதற்குமான மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 50ஆவது பிரிவே வண்டியின் உரிமை மாற்றத்தைப் பற்றிக் கூறுவது. படிவங்களும் விவரமான முறைகளும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளன.

கிரயமும் பட்டாவும் போல

நிலம் வாங்கி விற்பதில் நமக்கு அனுபவம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டாலும், தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறாவிட்டால் வருவாய்க் கணக்கில் பழைய பெயரே நிற்கும். கடன், நஷ்ட ஈடு, பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய பெயர் குறுக்கே வரும். ஆகவே கிரயம் முடிந்த கையோடு பட்டாவை மாற்றிக்கொள்வதே விவேகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

வண்டிக்கும் இதுவே பொருந்தும். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட கிரய ஒப்பந்தம், பணம் பெற்றுக்கொண்ட ரசீது, சாட்சிகளின் கையெழுத்து ஆகிய யாவும் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே நல்ல ஆதாரங்கள்தாம். ஆனால் மூன்றாம் மனிதர் ஒருவர் அந்த வண்டியால் அடிபட்டு ஈடு கேட்டு வரும்போது அந்தக் காகிதங்கள் பதிவேட்டுக்கு ஈடாகமாட்டா. சட்டத்தின் 2ஆவது பிரிவில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு, எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவர் என்றே பொருள் கூறப்பட்டிருக்கிறது. தவணை முறையில் வாங்கிய வண்டியாயின், அந்த ஒப்பந்தத்தின்படி அதை வைத்திருப்பவர் உரிமையாளர் ஆவார்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். வடநாட்டில் ஒருவர் தம் காரை 2007ஆம் ஆண்டில் மற்றொருவருக்கு விற்றார். வாங்கியவர் பெயரை மாற்றாமலே அதனை இன்னொருவருக்கு விற்றார். அவரும் அப்படியே கைமாற்றினார். இவ்வாறு பல கைகள் கடந்த அந்தக் கார் 2009ஆம் ஆண்டில் பின்னோக்கி வந்தபோது இருவர்மீது மோதியது. ஒருவர் உயிரிழந்தார், ஒரு பெண்மணி காயமுற்றார். பதிவேட்டிலோ முதலில் விற்றவரின் பெயரே இருந்தது.

ஈட்டுத் தொகையை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெயருடைய முதல் மனிதரே பொறுப்பாளி என்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, வண்டியைக் கைவசம் வைத்திருந்தவரே பொறுப்பு என்றது. இறுதியாக 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. உறவினரை இழந்து நிற்கும் குடும்பம், பதிவாகாத கைமாற்றங்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் உண்மையான சொந்தக்காரரைத் தேடித் திரிய வேண்டும் என்று சட்டம் கருதவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2001, 2011 ஆகிய ஆண்டுகளிலும் உச்ச நீதிமன்றம் இதே கருத்தைத் தெரிவித்திருக்கிறது.

இதிலுள்ள நியாயத்தை நாம் உணர வேண்டும். அடிபட்டவருக்கு வண்டியின் எண் ஒன்றே தெரியும். அந்த எண்ணுக்குரிய பெயரைப் பதிவேடுதான் காட்டும். பதிவேடு பொய் சொன்னால், அதைத் திருத்தாமல் விட்டவரே அதன் பலனையும் ஏற்க வேண்டும்.

தீர்ப்பாயம் விதித்த தொகையைக் கட்டாவிட்டால் என்ன ஆகும்? சட்டத்தின் 174ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்டக் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம். கலெக்டர் அத்தொகையை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிப்பார். நிலவரி பாக்கி என்றால் ஜப்தி என்பது விவசாயிகளுக்குத் தெரியாததன்று. என்றோ விற்ற காருக்காக இன்று பயிரிடும் நிலத்துக்கு ஆபத்து வரலாம் என்பது மிகைப்படுத்திய பேச்சு ஆகாது.

விற்பவரின் கடமை

மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காரை விழுப்புரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்து விவசாயிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கார் தமிழ்நாட்டில் பதிவானது. இருவரும் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் விற்பவரைப் பார்ப்போம். வண்டியைக் கொடுத்த 14 நாட்களுக்குள் அவர் உரிமை மாற்றச் செய்தியைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குரியது 29ஆம் எண் படிவம். இதை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். அதே சமயத்தில் ஒரு நகலை வாங்குபவருக்கும் அனுப்ப வேண்டும். பெயர் மாறியதும், அதிகாரியின் குறிப்போடு கூடிய ஒரு பிரதி விற்றவருக்குத் திரும்பி வர வேண்டுமென்பது அப்படிவத்திலேயே கண்டிருக்கிறது. அந்தக் காகிதம் விற்றவருடைய கவசம். அதைப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம்.

அடுத்து, 30ஆம் எண் படிவம். இதில் விற்பவருக்கு ஒரு பகுதி, வாங்குபவருக்கு ஒரு பகுதி, வண்டியின் மேல் கடன் கொடுத்தவர் இருந்தால் அவருடைய சம்மதத்துக்கு ஒரு பகுதி என்று பிரிவுகள் இருக்கின்றன. அலுவலகத்தில் உள்ள பழைய கையெழுத்தைப் போலவே விற்பவர் கையெழுத்திட வேண்டும். மாறுபட்டால் வீண் தாமதம் நேரும்.

நடைமுறையில் பெருந்தவறு ஒன்று நிகழ்கிறது. வாங்குபவரின் பெயர், தேதி ஆகியவை எழுதாத வெற்றுப் படிவங்களில் விற்பவர் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுகிறார். 'மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம்' என்று தரகர் சொல்லும் இனிய வார்த்தை போதுமானதாகத் தோன்றுகிறது. அந்தப் படிவங்கள் மாதக்கணக்கில் எவருடைய பெட்டியிலோ கிடக்கும். வண்டி ஊர் ஊராகச் சுற்றும். பிறகு ஒரு நாள் போக்குவரத்துக் குற்றத்துக்கான அபராதச் செய்தி ஆசிரியரின் கைபேசிக்கு வரும். அபராதம் சிறிது, அதைக் கட்டிவிடலாம். திருட்டு மணல் ஏற்றிய வண்டி என்றோ, விபத்து நேர்ந்த வண்டி என்றோ போலீஸார் வாசலில் வந்து நின்றால் என் செய்வது?

ஆகவே விற்பவர் பின்வருவனவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை நிரப்பாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடலாகாது. வண்டியை ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் குறித்து, வாங்குபவரிடம் கையெழுத்துடன் கூடிய ரசீது பெற வேண்டும். அவருடைய அடையாளச் சான்றின் நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் மாறியதா என்பதை ஒரு மாதம் கழித்துத் தாமே விசாரித்து அறிய வேண்டும்.

வாங்குபவரின் கடமை

வாங்குபவருக்குச் சட்டம் 30 நாட்கள் கொடுத்திருக்கிறது. அதற்குள் அவர் உரிமை மாற்றத்தைத் தெரிவித்து, பதிவுச் சான்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் கூடுதல் தொகை செலுத்த நேரும்.

பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உள்ளன. ஆர்.சி. என்று வழங்கும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது? விற்கிறவர் அவர்தானா? வேறொருவர் பெயரிலுள்ள வண்டியை, 'அவர் எனக்குக் கொடுத்துவிட்டார்' என்று சொல்பவரிடம் வாங்குவது பிறர் பட்டாவிலுள்ள நிலத்தை வாங்குவதைப் போன்றது. பெயருடையவர் வெளியூர் போயிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். பிறகு கையெழுத்துக்கு யாரிடம் போவது?

சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டியின் எண்ணைக் கொடுத்தால், பதிவு எந்த நாள் வரை செல்லும், இன்ஷுரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் பாக்கி குறிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை அறியலாம். கட்டப்படாத அபராதங்கள் உள்ளனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இணையதளம் பார்க்கத் தெரியாதவர்கள் படித்த இளைஞர் ஒருவரின் உதவியை நாடலாம்.

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் பசுமை வரியும் உண்டு. பதினான்கு ஆண்டு ஓடிய கார் மலிவாகக் கிடைத்தால், விரைவில் வரப்போகும் இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

விண்ணப்பத்தோடு பொதுவாக வைக்க வேண்டியவை இவை: 29, 30 ஆகிய படிவங்கள், பதிவுச் சான்று, நடப்பு இன்ஷுரன்ஸ் சான்று, புகைக் கட்டுப்பாட்டுச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, வருமான வரியின் நிரந்தரக் கணக்கு எண். அந்த எண் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் பதிந்து, கட்டணத்தை அங்கேயே செலுத்துவது இப்போதைய வழக்கம்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதி முதல் பதிவுச் சான்று விரைவு அஞ்சலில் விண்ணப்பதாரரின் முகவரிக்கே அனுப்பப்படுகிறது. ஆகவே முகவரியில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவையும், கைபேசி எண்ணும் பிழையின்றி இருக்க வேண்டும். கிராம முகவரிகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

சென்னையில் ஒரே அலுவலகம் இல்லை. மயிலாப்பூர்ப் பக்கத்துக்கு மந்தைவெளியில் உள்ள தென்கிழக்கு அலுவலகம். அதன் வண்டி எண்கள் டி.என். 06 என்று தொடங்கும். அடையாறு பகுதிக்குத் திருவான்மியூரில் உள்ள தெற்கு அலுவலகம். அதன் எண் டி.என். 07. தியாகராய நகருக்கு மேற்கே கலைஞர் கருணாநிதி நகரில் உள்ளது மேற்கு அலுவலகம். அதன் எண் டி.என். 09. ஒரு தெரு எந்த அலுவலகத்தின் எல்லைக்கு உட்பட்டது என்பதை முகவரியைச் சொல்லி விசாரித்துக்கொள்ளலாம்.

ஆயினும் கிராமத்திலிருந்து சென்று வாங்குபவர் இந்த அலுவலகங்களின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும் என்பதில்லை. வாங்குபவர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுமோ, அந்த எல்லையைச் சேர்ந்த அலுவலகத்துக்கே அவர் தெரிவிக்க வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. நாம் சொன்ன விவசாயி விழுப்புரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மந்தைவெளி அலுவலகத்திலிருந்து முன்னதாகப் பெற வேண்டிய சான்று ஏதும் உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்வது இரண்டாம் முறை பயணத்தைத் தவிர்க்கும். மாநிலத்துக்குள் உரிமை மாறுவதால் வண்டியின் எண் மாறாது. மயிலாப்பூர்க் கார் விழுப்புரத்திலும் டி.என். 06 என்ற எண்ணோடே ஓடும்.

கடன் தீராத வண்டி

கார்களானாலும் டிராக்டர்களானாலும் பெரும்பாலானவை வங்கிக் கடனில் வாங்கப்படுகின்றன. அப்போது பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஏறிவிடும். கடனைக் கட்டித் தீர்த்தாலும் அந்தக் குறிப்பு தானே அழிவதில்லை. வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் பெற்ற 35ஆம் எண் படிவத்தைக் கொடுத்து அதை நீக்க வேண்டும். குறிப்பு நிற்கும் வரை வங்கியின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பெயர் மாற்ற முடியாது.

கிராமங்களில் டிராக்டர் விற்பனையில் இச்சிக்கல் அடிக்கடி காணப்படுகிறது. 'மீதித் தவணைகளை நீ கட்டு, வண்டியை நீ ஓட்டு' என்று உறவினருக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள். தவணை தவறினால் வங்கி கேட்பது பெயருடையவரை. வண்டியைப் பறிகொடுப்பவரோ பணம் கட்டிவந்தவர். வாயளவில் பேசிய பேச்சு இருவரையுமே காப்பதில்லை. கடனைத் தீர்த்துக் குறிப்பை நீக்கிய பின் வாங்குவதே நேர்வழி. அது முடியாவிட்டால், விற்பவர், வாங்குபவர், வங்கி ஆகிய மூவரும் கலந்து எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்ஷுரன்ஸில் உள்ள நுட்பம்

பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்கான இன்ஷுரன்ஸ் கட்டாயம். உரிமை மாறும்போது இந்தக் காப்பும் வண்டியோடு கூடவே புதியவருக்கு மாறிவிட்டதாகச் சட்டத்தின் 157ஆவது பிரிவு கொள்கிறது. ஆயினும் வாங்கியவர் 14 நாட்களுக்குள் இன்ஷுரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தம் பெயரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன நஷ்டம்? தெருவில் போகிறவருக்கு ஏற்படும் தீங்குக்கு மட்டுமே அந்தத் தானாக மாறும் காப்பு பயன்படும். வாங்கியவருடைய சொந்தக் கார் நசுங்கினாலோ, திருட்டுப் போனாலோ, பழைய பெயரிலுள்ள பாலிஸியைக் கொண்டு அவர் ஈடு கேட்க முடியாமற் போகும். 1996ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறது. மேலும், தம் வண்டியைத் தாமே ஓட்டும் உரிமையாளர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பு 2018ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அது பதிவேட்டிலும் பாலிஸியிலும் பெயருள்ள, ஓட்டுநர் உரிமம் உடைய உரிமையாளருக்கே உரியது. பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தவரின் மனைவி மக்கள் அந்தத் தொகையை எதிர்பார்க்க இயலாது.

விற்றவர் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. பாலிஸியின் காலம் முடிந்த பிறகு வாங்கியவர் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், விபத்தில் ஈட்டுத் தொகை கொடுக்கக் கம்பெனி இராது. பதிவேட்டிலுள்ள பெயரே எஞ்சி நிற்கும். முன்பு கூறிய ஜப்தி ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. ஈடு கேட்காமல் இருந்ததற்காகக் கிடைக்கும் தள்ளுபடி மட்டும் விற்றவருடையது. அதற்குக் கம்பெனியிடம் சான்று பெற்றுத் தம் அடுத்த காருக்கு அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெளிமாநில வண்டி

புதுச்சேரி, கர்நாடகம் முதலிய இடங்களில் பதிவான கார்கள் சென்னையில் சற்று மலிவாகக் கிடைப்பதுண்டு. மலிவின் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். அத்தகைய வண்டிக்கு, அது பதிவான அலுவலகத்திலிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதானால் தமிழ்நாட்டு எண் பெற வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் முதலிலேயே பதிவாகி வாழ்நாள் வரி கட்டிய காருக்குக் கைமாறும்போது இந்த வரி மறுபடியும் இல்லை. இரண்டு விலைகளையும் ஒப்பிடும்போது வரியையும் சேர்த்து ஒப்பிட்டால் மலிவு எது என்பது விளங்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டால்

குடும்பத் தலைவர் காலமான பின் அவருடைய கார் அல்லது டிராக்டர் பல ஆண்டுகள் அவர் பெயரிலேயே ஓடுவது கிராமங்களில் சகஜம். இது சரியன்று. வண்டியைத் தொடர்ந்து உபயோகிக்க எண்ணும் வாரிசு 30 நாட்களுக்குள் மரணத்தையும் தம் எண்ணத்தையும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் பெற்று வைத்துக்கொண்டால் பின்னர் சச்சரவு எழாது. 2021ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு, உரிமையாளர் தம் காலத்திலேயே ஒரு நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்ய வழி ஏற்பட்டிருக்கிறது. வயது முதிர்ந்தோர் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வது நலம்.

சர்க்கார் நடத்தும் பொது ஏலத்தில் ஜீப்போ மோட்டார் சைக்கிளோ எடுப்பவர்கள் 32ஆம் எண் படிவத்தில் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏல உறுதிச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இனி ஓடாது என்று கருதி வண்டியை உடைப்பதற்குக் கொடுத்தாலும் பதிவு தானாக ரத்தாவதில்லை. சென்னைப் புதுப்பேட்டையைப் போலப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைத்தெருக்கள் உண்டு. வண்டி பிரிந்துபோனாலும் அதன் எண் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். ஆகையால் 14 நாட்களுக்குள் அறிவித்துப் பதிவை நீக்கச் செய்ய வேண்டும்.

வியாபாரிகளைப் பற்றி

பழைய கார் வியாபாரிகளிடம் வண்டியை விட்டுவிட்டு வருவோருக்கு முன்பு ஒரு பாதுகாப்பும் இருக்கவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, உரிய படிவத்தில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் நேர்வதற்கும் அவரே பொறுப்பு. வண்டி எங்கெல்லாம் ஓடியது என்ற கணக்கையும் அவர் வைத்திருக்க வேண்டும். ஆகவே வியாபாரியிடம் போகிறவர்கள், 'அங்கீகாரச் சான்று உண்டா? அதிகாரிக்கு அறிவிப்புச் செய்தாயிற்றா?' என்று இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். கூசாமல் கேட்க வேண்டும்.

ஊருக்குச் செய்யும் உதவி

இவ்வளவையும் படிக்கும்போது காகிதங்கள் மிகுதியோ என்று தோன்றலாம். உண்மையில் சாதாரணமான ஒரு கார் கைமாறுவதற்கு இரண்டு படிவங்களும் சில சான்றுகளும் கொஞ்சம் அலைச்சலுமே தேவை. 14 நாள், 30 நாள் என்ற இரு கெடுக்களை நினைவில் வைத்தால் போதும். இரண்டு பேர் ஒரு நாள் படும் இந்தச் சிரமம், பின்னர் ஒரு குடும்பத்தின் நிலத்தையும் மற்றொரு குடும்பத்தின் நஷ்ட ஈட்டையும் காக்கும்.

பஞ்சாயத்துப் பொறுப்பில் இருப்போர் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. ஊரில் ஓடும் வண்டிகளில் எத்தனை, ஓட்டுகிறவர் பெயரில் இல்லை என்பதை அவர்கள் எளிதில் அறிவார்கள். கிராம சபை கூடும்போது, குடிநீர், சாலை முதலிய விஷயங்களோடு இதையும் ஐந்து நிமிஷம் எடுத்துச் சொல்லலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவ இரண்டு இளைஞர்களை ஏற்படுத்தலாம். ஊர்ப் பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் தெருவில்தான் இந்த வண்டிகள் ஓடுகின்றன. ஒரு குழந்தைக்கு அடிபட்டால் அதன் பெற்றோர் முதலில் கேட்பது, 'வண்டி யாருடையது?' என்பதே. அக்கேள்விக்குப் பதிவேடு உண்மையான விடையைச் சொல்லுமாறு செய்வது விற்றவர், வாங்கியவர் ஆகிய இருவருடைய கடமையும் ஆகும்.

சாவியைக் கொடுக்கும் கையிலேயே 29ஆம் படிவமும் இருக்கட்டும்.